சென்னை – சான்ஃபிரான்சிஸ்கோ: எத்தனை கிலோமீட்டர், எத்தனை மணி நேரம்? நீங்களே கணக்குப் போட ஒரு முழுமையான வழிகாட்டி

பெரியம்மா முதல்முறை அமெரிக்கா கிளம்பியபோது என்னிடம் கேட்டது ஒரே ஒரு கேள்வி. "ஏண்டா, மொத்தம் எத்தனை நேரம் உக்காந்திருக்கணும்?"

சாதாரணக் கேள்விதானே என்று பதில் தேடப் போனேன். இணையத்தில் தூரத்தைத் தட்டினால் 13,900 கிலோமீட்டர் என்றும், சுமார் 17 மணி நேரம் என்றும் வந்தது. கையில் இருந்த டிக்கெட்டில் 22 மணி 45 நிமிடம் என்று போட்டிருந்தது. அதே டிக்கெட்டில் கிளம்பும் நேரம் செவ்வாய் இரவு 11.15, இறங்கும் நேரம் புதன் காலை 9.30. கழித்துப் பார்த்தால் பத்தேகால் மணி நேரம்தான் வருகிறது.

இந்த மூன்றில் எதுவும் தப்பில்லை. ஒவ்வொன்றும் வேறு வேறு விஷயத்தைச் சொல்கிறது, அவ்வளவுதான். முதலாவது, நிற்காமல் பறக்க ஒரு விமானம் இருந்தால் ஆகும் நேரம். இரண்டாவது, உண்மையில் ஆகும் நேரம். மூன்றாவது, இரண்டு ஊர்க் கடிகாரங்கள் சேர்ந்து செய்யும் மாயம். இந்த மூன்றையும் நாமே கணக்குப் போட்டுக் கண்டுபிடிப்பது எப்படி என்பதை ஒரே உதாரணத்தை வைத்துச் சொல்கிறேன். வேறு எந்த இரண்டு ஊருக்கும் இதே வழிதான். செல்போனில் உள்ள கால்குலேட்டர் போதும்.

படி 1: எந்த விமான நிலையம் என்பதை முதலில் முடிவு செய்யுங்கள்

ஊர்ப் பெயரை நம்பாதீர்கள், மூன்றெழுத்துக் குறியீட்டை நம்புங்கள். சென்னைக்கு எம்ஏஏ. மெட்ராஸ் காலத்தில் வைத்தது, இன்னும் மாறவில்லை. சான்ஃபிரான்சிஸ்கோவுக்கு எஸ்எஃப்ஓ. "பையன் சான்ஃபிரான்சிஸ்கோவில இருக்கான்" என்று நம்மூரில் சொல்பவர்களில் பாதிப் பேரின் பிள்ளைகள் உண்மையில் ஃப்ரீமான்ட்டிலோ சான் ஹோசேயிலோ சன்னிவேலிலோ இருப்பார்கள். அந்தப் பகுதிக்கு ஓக்லாந்து, சான் ஹோசே என்று இன்னும் இரண்டு விமான நிலையங்கள் உண்டு. சான் ஹோசே என்று தட்டும்போது கொஞ்சம் கவனம் வேண்டும். கலிஃபோர்னியாவில் இருப்பதன் குறியீடு எஸ்ஜேசி. எஸ்ஜேஓ என்று வந்தால் அது மத்திய அமெரிக்காவில் கோஸ்டா ரிக்கா நாட்டின் தலைநகரம்.

படி 2: நேர்த் தூரத்தைக் கணக்கிடுங்கள்

இரண்டு விமான நிலையங்களின் அட்சரேகை, தீர்க்கரேகை வேண்டும். செல்போன் வரைபடத்தில் அந்த இடத்தை அழுத்திப் பிடித்தால் இரண்டு எண்கள் வரும்.

சென்னை: வடக்கு 12.99, கிழக்கு 80.17.
சான்ஃபிரான்சிஸ்கோ: வடக்கு 37.62, மேற்கு 122.38.

முதலில் தீர்க்கரேகை வித்தியாசம். ஒன்று கிழக்கு, மற்றது மேற்கு என்பதால் கூட்ட வேண்டும்: 80.17 + 122.38 = 202.55. இது 180ஐத் தாண்டிவிட்டது. அப்படியென்றால் உலகத்தின் அந்தப் பக்கமாகச் சுற்றுவதுதான் குறுக்கு வழி. 360இலிருந்து கழியுங்கள்: 157.45. (இரண்டு ஊரும் கிழக்கிலேயே இருந்தால், உதாரணமாக சென்னை – சிங்கப்பூர் என்றால், பெரியதிலிருந்து சிறியதைக் கழித்தால் போதும்.)

இப்போது பத்தாம் வகுப்பில் படித்த சைன், கொசைன் வேலைக்கு வருகிறது. எதற்கு இதெல்லாம் என்று அன்றைக்குக் கணக்கு வாத்தியாரைக் கேட்டவர்களுக்கு இதோ ஒரு பதில்.

இரண்டு அட்சரேகைகளின் சைன்களைப் பெருக்குங்கள். சைன் 12.99 என்பது 0.2248, சைன் 37.62 என்பது 0.6104. பெருக்கினால் 0.1372.

அடுத்து, இரண்டு அட்சரேகைகளின் கொசைன்களையும் தீர்க்கரேகை வித்தியாசத்தின் கொசைனையும் பெருக்குங்கள். 0.9744 × 0.7921 × (–0.9235) = –0.7128.

இரண்டு விடைகளையும் கூட்டினால் –0.5756. இதற்குத் தலைகீழ் கொசைன் (கால்குலேட்டரில் cos⁻¹ என்ற பொத்தான்) போட்டால் 125.14 டிகிரி.

பூமியின் மேற்பரப்பில் ஒரு டிகிரி என்பது ஏறக்குறைய 111.2 கிலோமீட்டர். 125.14 × 111.2 = 13,915. அவ்வளவுதான், சுமார் 13,900 கிலோமீட்டர். பூமி சரியான பந்து இல்லை, துருவங்களில் கொஞ்சம் தட்டை. அதனால் சில பத்து கிலோமீட்டர் முன்னே பின்னே இருக்கலாம். பயணத்துக்கு அது ஒரு பொருட்டே இல்லை.

கால்குலேட்டர் டிகிரியில் இருக்கிறதா, ரேடியனில் (கோணத்தை அளக்கும் இன்னொரு அலகு) இருக்கிறதா என்று பார்த்துக்கொள்ளுங்கள். நான் முதல்முறை ரேடியனில் வைத்துப் போட்டேன். வந்த விடையின்படி பெரியம்மா நடந்தே போயிருக்கலாம்.

இன்னொன்று, மைல் குழப்பம். விமானிகள் பேசுவது கடல் மைல், ஒன்று 1.852 கிலோமீட்டர். நம் தூரம் கடல் மைலில் சுமார் 7,510. சாலையில் சொல்லும் மைல் 1.609 கிலோமீட்டர். அந்தக் கணக்கில் சுமார் 8,650. விமானத்தில் முன்னிருக்கைத் திரையில் எந்த மைல் ஓடுகிறது என்று தெரியாவிட்டால் கிலோமீட்டருக்கு மாற்றிக்கொள்வது நல்லது.

படி 3: அந்தக் கோடு எங்கே போகிறது என்று ஒரு நூலை வைத்துப் பாருங்கள்

இந்தப் படியை யாரும் செய்வதில்லை. எனக்குப் பிடித்ததே இதுதான்.

பசிபிக் கடல் நடுவில் வரும்படி அச்சிட்ட உலக வரைபடத்தில் சென்னையையும் சான்ஃபிரான்சிஸ்கோவையும் ஸ்கேல் வைத்து இணைத்தால், கோடு தாய்லாந்து, வியட்நாம் என்று போய் பசிபிக் கடலை நட்ட நடுவில் கடக்கும். அது பொய்க் கோடு. உருண்டையைத் தாளில் விரித்தால் வடக்குப் பகுதிகள் எல்லாம் இழுபட்டு அகலமாகத் தெரியும். பிள்ளைகள் வைத்திருக்கும் உலக உருண்டை ஒன்றை எடுத்து, ஒரு நூலின் முனையைச் சென்னையில் வைத்து, மறு முனையை சான்ஃபிரான்சிஸ்கோவில் வைத்து, தொய்வில்லாமல் இழுத்துப் பிடியுங்கள். நூல் தானாக வடக்கே நழுவிப் போய் நிற்கும்.

அந்த நூல் சென்னையிலிருந்து வடகிழக்காகக் கிளம்பி, ஆந்திரக் கரையை ஒட்டிப் போய், ஒடிசா, பீகார் தாண்டி நேபாளத்துக்குள் நுழைகிறது. நான் கணக்குப் போட்டுப் பார்த்தபோது, எவரெஸ்ட் இருக்கும் அட்சரேகையை இந்தக் கோடு தொடும் இடத்தின் தீர்க்கரேகை 86.9 டிகிரி கிழக்கு. எவரெஸ்டின் தீர்க்கரேகையும் அதேதான். சிகரத்தை உரசிக்கொண்டு போகிறது என்றே சொல்லலாம். அப்புறம் திபெத், மங்கோலியா, பைக்கால் ஏரியின் மேற்கு ஓரம், சைபீரியா. அங்கே ஆர்க்டிக் வட்டத்தையும் தாண்டி, கிட்டத்தட்ட 69 டிகிரி வடக்கு வரை ஏறுகிறது. பிறகு பெரிங் நீரிணை, அலாஸ்கா, அங்கிருந்து கடல் மேலாக இறங்கி சான்ஃபிரான்சிஸ்கோ.

சென்னையிலிருந்து கலிஃபோர்னியாவுக்கு நேர்வழி என்பது இமயமலையும் சைபீரியாவும்தான். இதைச் சொன்னால் வீட்டில் யாரும் நம்புவதில்லை. அதற்காகத்தான் நூல்.

படி 4: விமானம் உண்மையில் எந்த வழியில் போகும்?

சென்னையிலிருந்து சான்ஃபிரான்சிஸ்கோவுக்கு இடைநில்லா விமானம் கிடையாது. பக்கத்தில் பெங்களூருவிலிருந்து ஏர் இந்தியா 2021 ஜனவரியில் நேரடி விமானம் தொடங்கியது. முதல் விமானத்தை முழுக்கப் பெண் விமானிகளே சான்ஃபிரான்சிஸ்கோவிலிருந்து வட துருவ வழியாகப் பெங்களூருவுக்கு ஓட்டி வந்தார்கள். ஆகவே அவ்வளவு தூரம் ஒரே மூச்சில் பறக்க முடியுமா என்பது கேள்வியே இல்லை. உலகில் அதைவிட நீளமான விமானங்கள் ஓடுகின்றன. சிங்கப்பூர் – நியூயார்க் விமானம் சுமார் 15,350 கிலோமீட்டர் நேர்த் தூரத்தைப் பதினெட்டரை மணி நேரத்துக்கும் மேல் பறந்து கடக்கிறது. பிரச்சினை ஆள் நிரம்புமா, எரிபொருள் செலவு கட்டுமா என்பதில்தான்.

நேரடி விமானம் இருந்தாலும் நம் நூல் வழியில் அப்படியே போக முடியாது. முதல் தடை திபெத் பீடபூமி. விமானத்துக்குள் காற்றழுத்தம் குறைந்துவிட்டால், விமானி உடனே சுமார் 10,000 அடிக்கு இறக்க வேண்டும். பயணிகளின் ஆக்சிஜன் முகமூடி சில நிமிடங்களுக்குத்தான் தாங்கும். திபெத்தில் தரையே 14,000 அடிக்கு மேல். எங்கே இறக்குவது? அதனால் பெரும்பாலான விமானங்கள் அதைச் சுற்றிக்கொண்டுதான் போகின்றன.

இரண்டாவது தடை அரசியல். 2022 பிப்ரவரியில் உக்ரைன் போர் தொடங்கிய பிறகு, அமெரிக்க, ஐரோப்பிய நிறுவனங்களுக்கு ரஷ்ய வான்வெளி மூடப்பட்டது. இந்திய, வளைகுடா நிறுவனங்களுக்கு அந்தத் தடை இல்லை. அதனால் ஒரே இரண்டு ஊர்களுக்கு நடுவே, நிறுவனத்தைப் பொறுத்து நேரம் மாறுகிறது. 2025 ஏப்ரலில் பாகிஸ்தான் தன் வான்வெளியை இந்திய விமானங்களுக்கு மூடியபோது இதே கதை நம் பக்கம் திரும்பியது. டெல்லியிலிருந்து மேற்கே போகும் விமானங்கள் சுற்றிப் போனதோடு, சில வட அமெரிக்க விமானங்கள் எரிபொருளுக்காக ஐரோப்பாவில் நின்றும் போயின. பழைய பயண நேரத்தை வைத்துக்கொண்டு புது டிக்கெட் எடுக்காதீர்கள்.

சரி, ஒரு இடத்தில் மாறித்தான் போக வேண்டும் என்றால் எந்த ஊர் வழி நல்லது? இரண்டாம் படியில் செய்த கணக்கை ஒவ்வொரு துண்டுக்கும் செய்து கூட்டுங்கள். நான் போட்டது இது (கிலோமீட்டரில், பத்துக்கு முழுமையாக்கி):

டெல்லி வழி: 1,760 + 12,380 = 14,140
ஹாங்காங் வழி: 3,710 + 11,130 = 14,840
துபாய் வழி: 2,930 + 13,040 = 15,970
சிங்கப்பூர் வழி: 2,920 + 13,590 = 16,510
ஃபிராங்க்ஃபர்ட் வழி: 7,590 + 9,150 = 16,740
லண்டன் வழி: 8,230 + 8,620 = 16,850

டெல்லி வழி போனால் நேர்த் தூரத்தைவிட 225 கிலோமீட்டர்தான் கூடுதல். திருப்பதி போய் வருகிற தூரம்கூட இல்லை. துபாய் மேற்கே இருக்கிறது, சிங்கப்பூர் கிழக்கே இருக்கிறது, ஆனால் இரண்டுக்கும் வித்தியாசம் 540 கிலோமீட்டர்தான். துபாயிலிருந்து சான்ஃபிரான்சிஸ்கோ கிட்டத்தட்ட பூமியின் நேரெதிர்த் தீர்க்கரேகையில் இருப்பதால், அந்த நூல் வட துருவத்துக்குப் பக்கத்திலேயே ஏறி இறங்குகிறது. "மேற்கே போய் ஏன் சுத்தணும்?" என்று கேட்பவர்களிடம் இதைக் காட்டலாம்.

பட்டியலில் முதலுக்கும் கடைசிக்கும் வித்தியாசம் 2,700 கிலோமீட்டர். பறக்கும் நேரத்தில் மூன்று மணி நேரம். நடுவில் காத்திருப்பது எட்டு மணி நேரம் என்றால் இந்த மூன்று மணி நேர லாபம் எங்கே போனது என்றே தெரியாது. அதைப் பற்றி ஏழாம் படியில் சொல்கிறேன்.

படி 5: தூரத்தை நேரமாக்குங்கள்

இன்றைய நீள்தூர விமானங்கள் காற்றில்லாத வானில் மணிக்கு ஏறக்குறைய 900 கிலோமீட்டர் போகும். ஆனால் ஏறும்போதும் இறங்கும்போதும் அந்த வேகம் இருக்காது, வழியும் நூல் பிடித்தாற்போல நேராக இருக்காது. அதனால் 900க்குப் பதில் 850ஆல் வகுத்து, ஓடுபாதை வரை ஊர்ந்து போவது, வரிசையில் நிற்பது எல்லாவற்றுக்கும் 40 நிமிடம் கூட்டிக்கொள்ளுங்கள்.

சென்னை – சிங்கப்பூர்: 2,920 ÷ 850 = 3 மணி 26 நிமிடம். 40 கூட்டினால் 4 மணி 6 நிமிடம். டிக்கெட்டில் 4.15 இருந்தது.

சிங்கப்பூர் – சான்ஃபிரான்சிஸ்கோ: 13,590 ÷ 850 = 16 மணி. 40 கூட்டினால் 16.40. டிக்கெட்டில் 15.15தான்! ஒன்றரை மணி நேரம் எங்கே போனது? திரும்பி வரும் டிக்கெட்டைப் பார்த்தால் அதே தூரத்துக்கு 17 மணி நேரம்.

காற்று. வானத்தில் 9 முதல் 12 கிலோமீட்டர் உயரத்தில், மேற்கிலிருந்து கிழக்காக ஆறு போல ஓடும் வேகக் காற்று உண்டு. ஜெட் ஸ்ட்ரீம் என்பார்கள். பசிபிக் மேல் குளிர்காலத்தில் அது மணிக்கு 200, 300 கிலோமீட்டர் வேகம்கூடப் போகும். கிழக்கே போகிற விமானம் அதில் மிதந்து போகும். மேற்கே வருகிறது அதை எதிர்த்து நீந்த வேண்டும், அல்லது அதை ஒதுக்கிச் சுற்றிவர வேண்டும். ஆகவே நீள்தூரத்தில் கிழக்கு நோக்கிப் போனால் கணக்கில் வந்த நேரத்திலிருந்து ஒரு மணி நேரம் போலக் குறையுங்கள், மேற்கு நோக்கி என்றால் அரை மணி முதல் ஒரு மணி வரை கூட்டுங்கள்.

காற்று எவ்வளவு முக்கியம் என்பதற்கு இந்தத் தடத்திலேயே ஒரு நல்ல உதாரணம் இருக்கிறது. ஏர் இந்தியாவின் டெல்லி – சான்ஃபிரான்சிஸ்கோ விமானம் முதலில் மேற்கே அட்லாண்டிக் வழியாகப் போய்க்கொண்டிருந்தது. 2016 அக்டோபரில் அதைக் கிழக்கே பசிபிக் வழியாகத் திருப்பினார்கள். தூரம் சுமார் 15,300 கிலோமீட்டர், பழைய வழியைவிட 1,400 கிலோமீட்டர் அதிகம். ஆனால் பதினான்கரை மணி நேரத்தில் போய்ச் சேர்ந்துவிட்டது. பழைய வழியைவிட ஏறக்குறைய இரண்டு மணி நேரம் குறைவு. தலைக்கு நேரே அடித்த காற்று முதுகைத் தள்ளும் காற்றாக மாறியதுதான் காரணம். தூரம் கூடினால் நேரமும் கூடும் என்ற நம் தெருக் கணக்கு வானத்தில் செல்லாது.

ஒரு சின்ன விஷயம். விமானி மைக்கில் "பறக்கும் நேரம் பதினாலே முக்கால் மணி நேரம்" என்பார், டிக்கெட்டில் பதினைந்தேகால் இருக்கும். அவர் சொல்வது தரையை விட்டுத் தரையைத் தொடும் வரை. டிக்கெட்டில் இருப்பது கதவடியிலிருந்து கதவடி வரை.

படி 6: கடிகாரமும் தேதியும்

நிறையப் பேர் சறுக்குவது இங்கேதான், நானும் சறுக்கியிருக்கிறேன்.

இந்திய நேரம் உலகப் பொது நேரத்தைவிட ஐந்தரை மணி நேரம் முன்னால். சான்ஃபிரான்சிஸ்கோ குளிர்காலத்தில் எட்டு மணி நேரம் பின்னால், கோடையில் ஏழு மணி நேரம் பின்னால். அதாவது நமக்கும் அவர்களுக்கும் கோடையில் பன்னிரண்டரை மணி நேர வித்தியாசம், குளிர்காலத்தில் பதின்மூன்றரை. மார்ச் மாத இரண்டாவது ஞாயிறு கடிகாரத்தை முன்னே தள்ளுவார்கள், நவம்பர் முதல் ஞாயிறு பின்னே இழுப்பார்கள். டிக்கெட் எடுப்பது பிப்ரவரியில், பயணம் ஏப்ரலில் என்றால் பயண நாளின் வித்தியாசத்தை எடுத்துக்கொள்ளுங்கள்.

கோடையில் மனக்கணக்கு சுலபம். நம் நேரத்தில் காலையை இரவாக்கி, இரவைக் காலையாக்கி, அரை மணி நேரம் குறைத்தால் போதும். இங்கே இரவு ஒன்பது என்றால் அங்கே அதே நாள் காலை எட்டரை.

இப்போது பெரியம்மாவின் டிக்கெட்டை எடுத்துக்கொள்வோம். டிக்கெட்டில் போடும் நேரம் எப்போதும் அந்தந்த ஊர் நேரம்.

சென்னையில் கிளம்புவது செவ்வாய் இரவு 11.15.
சிங்கப்பூரில் இறங்குவது புதன் காலை 6.00.
சிங்கப்பூரில் கிளம்புவது புதன் காலை 9.15.
சான்ஃபிரான்சிஸ்கோவில் இறங்குவது புதன் காலை 9.30.

கடைசி இரண்டு வரியைப் பாருங்கள். 9.15க்குக் கிளம்பி அதே நாள் 9.30க்கு இறங்குகிறார். பசிபிக் கடலைக் கால் மணி நேரத்தில் தாண்டிவிட்டார்! நடுவில் தேதிக் கோடு, அதாவது தாண்டினால் தேதி ஒரு நாள் மாறும் கற்பனைக் கோடு இருக்கிறது. சிங்கப்பூர் கடிகாரம் சான்ஃபிரான்சிஸ்கோவைவிடக் கோடையில் பதினைந்து மணி நேரம் முன்னால் ஓடுகிறது.

இதை அவிழ்க்க ஒரே வழி, எல்லாவற்றையும் இந்திய நேரத்துக்கு மாற்றிவிடுவது. சிங்கப்பூர் நேரத்திலிருந்து இரண்டரை மணி நேரம் கழியுங்கள். சான்ஃபிரான்சிஸ்கோ நேரத்தோடு பன்னிரண்டரை கூட்டுங்கள். இப்படி வரும்:

செவ்வாய் இரவு 11.15 கிளம்பி, புதன் அதிகாலை 3.30 சிங்கப்பூர். காலை 6.45 மறுபடி கிளம்பி, புதன் இரவு 10.00 சான்ஃபிரான்சிஸ்கோ.

இனி எந்தக் குழப்பமும் இல்லை. முதல் விமானம் 4.15, காத்திருப்பு 3.15, இரண்டாவது விமானம் 15.15. மொத்தம் 22 மணி 45 நிமிடம். உட்கார்ந்திருக்கும் நேரம் பத்தொன்பதரை.

திரும்பி வருவது இன்னும் வேடிக்கை. வெள்ளி இரவு 10.30க்கு சான்ஃபிரான்சிஸ்கோவில் கிளம்பி, 17 மணி நேரம் பறந்து, சிங்கப்பூரில் ஞாயிறு காலை 6.30க்கு இறக்கிவிடும். சென்னைக்கு ஞாயிறு காலை 10.05. சனிக்கிழமை என்று ஒன்று அந்தப் பயணிக்குப் பேருக்குத்தான் இருக்கும்.

எனக்கு அது தெரியவில்லை. டிக்கெட்டில் 10.05 என்பதற்குப் பக்கத்தில் பொடி எழுத்தில் "+2" (கிளம்பி இரண்டு நாள் கழித்து) என்று இருந்ததைக் கவனிக்காமல், வெள்ளி ராத்திரி கிளம்பினால் சனிக்கிழமைதானே என்று வண்டி பேசி, சனிக்கிழமை காலை பத்து மணிக்கு மீனம்பாக்கத்தில் போய் நின்றேன். பதினொன்றாகியும் பெரியம்மாவைக் காணோம். அங்கே இருந்த அண்ணனுக்கு, அதாவது பெரியம்மாவின் மகனுக்குப் போன் போட்டேன். "டேய், அம்மா இப்பதான்டா கேட்ல இருந்து ஏறப்போறேன்னு போன் பண்ணாங்க. நீ அதுக்குள்ள அங்க என்ன பண்றே?" வண்டிக்காரர் முழு வாடகை வாங்கிக்கொண்டுதான் விட்டார்.

அந்தக் கூட்டல் குறிக்குப் பக்கத்தில் 1 இருக்கிறதா 2 இருக்கிறதா என்று பார்த்துவிட்டு வண்டி சொல்லுங்கள். போகும்போது பெரும்பாலும் அதே நாளோ மறுநாளோ வரும். திரும்பும்போது இரண்டு வருவது சகஜம்.

படி 7: இடையில் காத்திருக்கும் நேரம்

மொத்த நேரத்தைத் தீர்மானிப்பது பெரும்பாலும் தூரம் அல்ல, இந்தக் காத்திருப்புதான். நான்காம் படியில் 14,140 கிலோமீட்டர் வழியும் 16,850 கிலோமீட்டர் வழியும் மூன்று மணி நேரம்தான் வித்தியாசம் என்று பார்த்தோம். ஒரே தேதியில், ஒரே ஊர் வழியாக, 22 மணி நேரத்திலும் டிக்கெட் இருக்கும், 34 மணி நேரத்திலும் இருக்கும். மலிவான டிக்கெட்டைப் பார்த்ததும் கை துறுதுறுக்கும். மொத்த நேரத்தைப் பார்த்துவிட்டு அழுத்துங்கள்.

வயதானவர்கள் தனியாகப் போகிறார்கள் என்றால் இரண்டரை முதல் நான்கு மணி நேரம் வரை காத்திருப்பு இருப்பது என் கணக்கில் சரி. ஒன்றரை மணி நேரத்துக்குக் கீழே என்றால் முதல் விமானம் கொஞ்சம் தாமதித்தாலே ஓட வேண்டியிருக்கும். சக்கர நாற்காலி உதவி கேட்டிருந்தால், ஆள் வந்து கூட்டிப்போகவும் நேரம் வேண்டும். ஆனால் ஆறு மணி நேரத்துக்கு மேல் போனால் அந்தக் குளிர் நாற்காலிகளில் இடுப்பு போய்விடும்.

அமெரிக்காவுக்குள்ளேயே மாறுகிற டிக்கெட் என்றால், உதாரணமாக நியூயார்க்கில் இறங்கி உள்நாட்டு விமானத்தில் போவது என்றால், குறைந்தது மூன்று மணி நேரம் வேண்டும். அமெரிக்காவில் முதலில் கால் வைக்கும் ஊரில்தான் இமிக்ரேஷன். பொதுவாகப் பெட்டியையும் அங்கேயே எடுத்து, சுங்கம் தாண்டி, மறுபடி ஒப்படைக்க வேண்டும்.

இரண்டு துண்டையும் தனித்தனி டிக்கெட்டாக வாங்கிக் காசு மிச்சம் பிடிக்கலாம் என்று யாராவது சொன்னால் கேட்காதீர்கள். ஒரே டிக்கெட்டாக இருந்தால், முதல் விமானத்தின் தாமதத்தால் அடுத்ததைத் தவறவிட்டாலும் வேறு விமானத்தில் ஏற்றிவிடுவது அவர்கள் பொறுப்பு. தனித்தனி என்றால் உங்கள் பாடு.

படி 8: வாசலிலிருந்து வாசல் வரை

இது நேரான கூட்டல். தாம்பரத்திலிருந்து விமான நிலையம் அரை மணி, அடையாறிலிருந்து மாலை நெரிசலில் ஒரு மணி. வெளிநாட்டு விமானத்துக்கு மூன்று மணி நேரம் முன்னால். அந்தப் பக்கம் இமிக்ரேஷன் வரிசை, பெட்டி, சுங்கம் எல்லாம் சேர்த்து ஒன்றிலிருந்து இரண்டு மணி நேரம். ஃப்ரீமான்ட் வரை காரில் இன்னொரு மணி நேரம். 22.45 என்று டிக்கெட்டில் இருந்த பயணம், வீட்டுக் கதவைப் பூட்டியதிலிருந்து கணக்குப் பார்த்தால் 29 மணி நேரத்தைத் தொட்டது.

பெரியம்மாவுக்குச் சர்க்கரை மாத்திரை உண்டு. 29 மணி நேரத்தில் எந்த மாத்திரை எப்போது என்று டாக்டரிடம் முன்கூட்டியே கேட்டோம். அவரும் முதலில் கேட்டது, "இந்திய நேரத்துல எத்தனை மணிக்கு எங்க இருப்பாங்க?" என்றுதான். அந்த இந்திய நேரப் பட்டியல் அங்கேயும் உதவியது.

கடைசியில் ஒரு துண்டுச் சீட்டில் எல்லாவற்றையும் இந்திய நேரத்தில் எழுதிக் கொடுத்தேன். எத்தனை மணிக்கு ஏறுவது, எத்தனை மணிக்கு மாறுவது, எப்போது மாத்திரை, எப்போது இறங்குவது. கைக்கடிகாரத்தை எங்கேயும் மாற்ற வேண்டாம், அதையும் சீட்டையும் மட்டும் பாருங்கள் என்று சொல்லி அனுப்பினேன். பெரியம்மா அதை மடித்துச் சுருக்குப்பையில் வைத்துக்கொண்டார்.

அண்ணன் சொன்னது இது. வெளியே வந்ததும், "வாங்கம்மா, முதல்ல எங்கயாவது டிபன் சாப்பிட்டுட்டுப் போகலாம்" என்று கூப்பிட்டிருக்கிறார். பெரியம்மா கடிகாரத்தைப் பார்த்தாராம். பளீரென்று வெயில் அடித்துக்கொண்டிருந்த வெளியையும் ஒருமுறை பார்த்தாராம்.

"மணி பன்னெண்டு ஆகப் போகுதுடா. நடு ராத்திரியில என்ன டிபன்?"